ஓடற நாடா, ஓடாத நாடா

1979ல அத்தி வரதர் அனந்தசரஸ் குளத்துல இருந்து வெளிய வந்து 48 நாள் தரிசனம் குடுத்தப்போ, எங்க தெருவுல ஒருத்தர்கிட்டயும் வீடியோ கேமரா கிடையாது. 2019ல அவர் மறுபடி வந்தப்போ வரிசையில நின்ன பாதிப் பேர் கையில கேமரா இருந்துச்சு, போன்ங்கற பேர்ல. இந்த 40 வருஷ இடைவெளிக்குள்ளயே வீடியோ கேசட்னு ஒரு சமாச்சாரம் நம்ம வீட்டுக்குள்ள வந்து, ராஜா மாதிரி ஷோகேஸ்ல உக்காந்து, அப்புறம் பரண் ஏறி, செத்தும் போச்சு. வரதர் அடுத்து வர்றது 2059ல. அவர் தண்ணிக்கு அடியிலயே தாக்குப் பிடிச்சுடுவார். பரண்ல கிடக்கற கேசட்டுக்கோ, காத்துல இருக்கற ஈரமே எமன்.

கொஞ்ச நாளா எங்க குடும்பத்துக் கேசட்டுங்களைக் கம்ப்யூட்டர்ல ஏத்தற வேலையில இருக்கேன். மொத்தம் 23. சித்தப்பா வீடு, அத்தை வீடு, பெரியம்மா வீட்டு ட்ரங்க் பெட்டின்னு அலைஞ்சு சேர்த்தது. அதைப் பத்தி எழுத உக்காந்தா எங்க ஊர் வரலாறாத்தான் வந்து விழுது. அதனால கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கோங்க :-)

மெட்ராஸ்ல தூர்தர்ஷன் ஆரம்பிச்சது 1975 ஆகஸ்ட் 15. அதே 1975ல ஜப்பான்ல சோனி பீட்டாமேக்ஸைக் கொண்டு வந்தான். அடுத்த வருஷமே ஜேவிசிக்காரன் விஎச்எஸ்ஸோட வந்துட்டான். ரெண்டுக்கும் நடந்த குடுமிப்பிடி சண்டையில விஎச்எஸ் ஜெயிச்ச கதையை எல்லாரும் எழுதியாச்சு, விட்டுடலாம். நம்ம பக்கம் இது நிஜமா நுழைஞ்சது 1982 ஆசியப் போட்டி சமயம். அந்த வருஷம்தான் கலர் ஒளிபரப்பு வந்தது. கலர் டிவி கூடவே விசிஆரும் வந்துச்சு. துபாய், சிங்கப்பூர்னு போனவங்க வரும்போது ஒண்ணு தூக்கிட்டு வருவாங்க. விசிஆர், விசிபின்னு யாரும் சொன்னதில்லை. நமக்கு அது 'டெக்'. வாடகைக்கு டெக் எடுத்து, டிவியையும் சேர்த்து எடுத்து, நாலு கேசட் போட்டு விடிய விடிய படம் பார்த்தவங்க இதைப் படிக்கறவங்கள்லயே நிறைய பேர் இருப்பீங்க. படம் கோடு கோடா வந்தா ட்ராக்கிங் திருகணும், அதுக்கும் அடங்கலைன்னா புது ரூபா நோட்டை வச்சு ஹெட்டைத் துடைக்கணும். பஸ்லயும் லாட்ஜுலயும் காசு வாங்கிக்கிட்டு படம் ஓட்டறது பெருகினதுல தியேட்டர்காரங்க அலற, எம்ஜிஆர் ஆட்சியில 1984ல வீடியோவுல படம் காட்டறதுக்கு லைசென்ஸ் வேணும்னு தனிச் சட்டமே போட வேண்டியதாச்சு.

சினிமா கேசட்டெல்லாம் போனா போகுது. சினிமாவுக்கு எங்கயாவது ஒரு பிரிண்ட் இருக்கும். கல்யாணக் கேசட்டுக்கு எங்க இருக்கு?

எண்பதுகளோட நடுவுல இருந்து எங்க ஊர் கல்யாணங்கள்ல தோள்ல கேமரா வச்ச ஒருத்தரும், பக்கத்துல லைட்டைத் தூக்கிப் பிடிச்ச ஒரு பையனும் வர ஆரம்பிச்சாங்க. அந்த ஹாலஜன் லைட் மூஞ்சியில அடிச்சா எந்தப் பாட்டியும் கண்ணைச் சுருக்காம இருந்ததில்லை. அப்புறம் பானாசோனிக்கோட எம் வரிசைக் கேமராக்கள் வந்து, தொண்ணூறுகள் முழுக்க அதுங்க ராஜ்ஜியம்தான்.

இங்க ஒரு வேடிக்கை. கேசட்டுக்குள்ள இருக்கற நாடா பாலியெஸ்டர். அது மேல இரும்பு ஆக்சைடைப் பூசியிருப்பான், அதாவது கிட்டத்தட்ட துரு. பட்டுக்குப் பேர் போன ஊர்ல நடந்த கல்யாணமெல்லாம் பாலியெஸ்டர்லதான் பத்திரமா இருக்கு! தறியில குறுக்க ஓடறதுக்கும் நாடான்னுதான் பேரு, கேசட்டுக்குள்ள சுத்தறதுக்கும் நாடான்னுதான் பேரு. பிள்ளையார்பாளையத்துல தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவனுக்கு இது ஒரு சின்ன சந்தோஷம்.

அந்த நாடாவோட அகலம் அரை அங்குலம். மூணு மணி நேரக் கேசட்டுல ஏறக்குறைய 250 மீட்டர் நாடா இருக்கும். நாடா ஓடற வேகம் நொடிக்கு ரெண்டரை சென்டிமீட்டர் கூட இல்லை, ஆமை. ஆனா படம் பதியற ட்ரம் நிமிஷத்துக்கு 1500 சுத்து சுத்தும். ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு முழுப் படம், சாய்வான ரெண்டு கோடா நாடா மேல விழும். ஒரு கோட்டோட அகலம் 49 மைக்ரான், நம்ம தலைமுடியை விட மெல்லிசு. இவ்வளவு நுணுக்கமான வேலையைப் பண்ணின மனுஷன், நிறத்துல மட்டும் கையைக் கடிச்சுக்கிட்டான். வெளிச்சம் நிழல் விவரத்துக்கு 3 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இடம் குடுத்தவன், நிறத்துக்குக் குடுத்தது சுமாரா அரை மெகாஹெர்ட்ஸ்தான். அதனால நிறம் எப்பவும் தன் எல்லையைத் தாண்டிப் பக்கத்துல வழியும். எல்லா நிறத்தையும் விட மோசமாத் தெரியறது சிவப்பு.

கல்யாணப் பொண்ணு கட்டற புடவை என்ன நிறம்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

அரக்குச் சிவப்பு உடல், கிளிப்பச்சைக் கரை, நடுவுல ஜரிகை. காஞ்சிபுரம் கோர்வைப் புடவையோட பெருமையே உடலும் கரையும் சேர்ற அந்தக் கோடுதான். உடலுக்கு ஒரு நாடா, ரெண்டு கரைக்கும் ரெண்டு நாடான்னு மூணு நாடா ஓட்டி, பக்கத்துல உதவிக்கு ஒரு ஆளை வச்சு, ஒவ்வொரு இழையா ரெண்டு நிறத்தையும் கோர்த்து நெய்யறது. விஎச்எஸ்ல பார்த்தா அந்தக் கோட்டைத்தான் முதல்ல காணோம். சிவப்பு வழிஞ்சு பச்சை மேல ஏறி, ஜரிகை வெள்ளையா எரிஞ்சு, புடவை முழுக்க ஒரே குங்குமக் குழம்பு. நாலு பேர் உக்காந்து கோர்த்ததை ஒரு மெஷின் பிரிச்சுப் போட்ட மாதிரி இருக்கும். இதைக் கம்ப்யூட்டர்ல சரி பண்றேன்னு கலரை ஏத்தினா இன்னும் வழியும். குறைச்சா எல்லாரும் சோகை பிடிச்ச மாதிரி தெரிவாங்க. நான் அப்படியே விட்டுட்டேன்.

ஆனா எனக்கு நிறம் போனதுல பெரிய வருத்தமில்லை. சத்தம் போனதுதான்.

உங்க வீட்டுக் கல்யாணக் கேசட்டை ஒரு தடவை ஞாபகப்படுத்திப் பாருங்க. தாமரை விரிஞ்சு அதுக்குள்ள மாப்பிள்ளை வருவார், இதய வடிவத்துக்குள்ள பொண்ணு வருவாங்க, பின்னாடி சினிமாப் பாட்டு ஓடும். 'மிக்ஸிங்'னு அதுக்குத் தனிக் காசு. அந்த மிக்ஸிங்ல முதல்ல அடிபட்டது அன்னிக்கு மண்டபத்துல நிஜமா கேட்ட சத்தம். நாயனம், மந்திரம், பந்தியில 'இன்னொரு இட்லி வைப்பா'ன்னு கத்தற தாத்தா, மணமேடைக்குப் பின்னாடி நடந்த சண்டை எல்லாத்தையும் அழிச்சுட்டு மேல பாட்டு. மிக்ஸிங் ஆகி வர்றது ரெண்டாவது தலைமுறைக் காப்பி. அதுல இருந்து சொந்தக்காரங்களுக்குப் போட்டுக் குடுத்தது மூணாவது. அசல் கேசட்டை வீடியோக்காரர் தானே வச்சுக்கிட்டு, அடுத்த முகூர்த்தத்துக்கு அது மேலயே எடுத்துடுவார். அவரைக் குத்தம் சொல்லல. அன்னிக்கு ஒரு கேசட் விலை அப்படி.

எங்க 23ல ரெண்டே ரெண்டுதான் அசல். 1991ல சித்தப்பா கல்யாணம். மிக்ஸிங்குக்குக் காசு குடுக்க மாட்டேன்னு தாத்தா சண்டை போட்டு, 'எடுத்ததை அப்படியே குடு'ன்னு வாங்கிட்டு வந்துட்டார். கஞ்சத்தனம்னு அன்னிக்கு வீடே சிரிச்சுது. அந்தக் கேசட்டுல தான் எங்க பாட்டி பேசறா. ஏழெட்டு நிமிஷம் இருக்கும். சம்பந்தி வீட்டு அம்மாகிட்ட புடவையோட முந்தியைத் தூக்கிக் காட்டி, எந்தத் தறியில நெய்தது, எத்தனை நாள் ஆச்சு, கரைக்கு உக்காந்த பையன் நடுவுல காய்ச்சல்ல படுத்தது வரைக்கும் சொல்றா. கேமராக்காரர் மாப்பிள்ளை அழைப்புக்காகக் காத்துக்கிட்டு சும்மா ஓட விட்டிருந்த நேரம் அது. பாட்டி போயி பல வருஷமாச்சு. எங்ககிட்ட இருக்கற அவ குரல் இவ்வளவுதான்.

அதையும் பூஞ்சை பாதி தின்னிருந்தது. விஎச்எஸ்ல சத்தம் பதியறது நாடாவோட மேல் விளிம்புல, ஒரு மில்லிமீட்டர் அகலப் பட்டையில. நாடா கசங்கறதும் பூஞ்சை பிடிக்கறதும் முதல்ல விளிம்புலதான். கேசட் ஜன்னல் வழியாப் பார்த்தா சுருள் மேல வெள்ளை மாவு தெளிச்ச மாதிரி தெரியும். அப்படித் தெரிஞ்சா டெக்ல போடவே போடாதீங்க. ஹெட்டையும் கெடுத்து, அடுத்துப் போடற கேசட்டுக்கும் ஒட்டிக்கும். கேசட்டைத் திறந்து, வெளியில வச்சு, முகமூடி போட்டுக்கிட்டு, பஞ்சு ஒட்டாத துணியால மெதுவா எடுக்கணும். எனக்கு அந்த ஒண்ணுக்கே மூணு நாள் ஆச்சு.

மாத்தற வேலையிலயும் ஒரு வரலாறு இருக்கு. 2000ங்களோட ஆரம்பத்துல தெருவுக்கு ஒரு கடையில 'கேசட் டூ சிடி' போர்டு தொங்கினது ஞாபகம் இருக்கா? அன்னிக்கு மாத்தினது விசிடி. நம்ம பால் முறையில டிவியில தெரியற கோடு 576. விசிடியில 288தான். அதாவது பாதியை அங்கயே தூக்கிப் போட்டாச்சு. அப்புறம் டிவிடி வந்தது, 576ம் கிடைச்சுது. ஆனா மலிவு விலை டிவிடியில இருக்கற சாயம் வெளுத்து, பத்துப் பதினஞ்சு வருஷத்துல நிறைய தட்டு படிக்கவே வரல. அத்தை வீட்டுல இதுதான் நடந்தது. ஒரு கடையில (பேர் வேண்டாம்) குடுத்து சிடியா மாத்தி வாங்கினாங்க. 'இனிமே இது எதுக்கும்மா'ன்னு கடைக்காரர் கேசட்டைத் தானே வச்சுக்கிட்டார். இப்ப சிடியும் ஓடல, கேசட்டும் இல்லை. மாமா ஒரு வார்த்தை பேசல, சிடியைத் துடைச்சுத் துடைச்சுப் போட்டுப் பார்த்தார். அதனால மாத்தினாலும் கேசட்டை மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க மக்களே.

கேசட் இருந்தும் டெக் இல்லைன்னா என்ன பண்றது? சோனி பீட்டாமேக்ஸ் மெஷினை 2002லயே நிறுத்திட்டான். விஎச்எஸ் டெக் கடைசி வரைக்கும் பண்ணிக்கிட்டிருந்த ஃபூனாய் கம்பெனியும் 2016ல நிறுத்தியாச்சு. இப்ப கிடைக்கறதெல்லாம் பழசுதான். அதை ரிப்பேர் பண்ணத் தெரிஞ்ச ஆளும் கிழவராகிட்டார். ஆஸ்திரேலியாவோட தேசியத் திரைப்பட ஒலிக் காப்பகம் 2015லயே 'கெடு 2025'னு சொல்லி, அதுக்குள்ள மாத்தாத நாடா அநேகமா போச்சுன்னு எச்சரிச்சது. எங்க ஊர்ல வரதர் வெளிய வந்த அதே 2019ல யுனெஸ்கோவும் உலகக் காப்பகக்காரங்க சங்கமும் சேர்ந்து காந்த நாடா எச்சரிக்கைன்னே ஒண்ணு விட்டாங்க. அந்த 2025ம் வந்து போயாச்சு. என் அனுபவத்துல கெடு முடிஞ்சும் முக்கால்வாசி ஓடுது. ஆனா ஒவ்வொண்ணா நிக்குது.

நான் பண்றது சுலபமான வழி. நல்ல டெக் ஒண்ணு, அதுல இருந்து பழைய மினிடிவி கேமரா வழியா கம்ப்யூட்டருக்கு. கேமரா அலைவரிசையை எண்ணா மாத்திக் குடுத்துடும். ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி ஆகும், இன்னிக்கு அது ஒரு விஷயமே இல்லை. சல்லிசா கிடைக்கற யூஎஸ்பி குச்சியில படம் குதிச்சுது, தூக்கி ஓரமா வச்சுட்டேன். இதுக்கும் மேல விஎச்எஸ் டீகோட்னு ஒண்ணு இருக்கு. டெக்கோட ஹெட்ல இருந்து வர்ற மூல அலையையே பிடிச்சு, மீதியை எல்லாம் மென்பொருள்லயே பண்றது. பொறுமையும் சால்டரிங் கையும் இருக்கறவங்க முயற்சி பண்ணுங்க. பாட்டி கேசட்டுக்கு அதைத்தான் செய்யப் போறேன்.

அமெரிக்காவுல இருந்து வந்த கேசட் ஒண்ணும் இருக்கு. அது என்டிஎஸ்சி, நம்ம பால் டெக்ல போட்டா படம் உருண்டுக்கிட்டே இருக்கும். அந்தக் காலத்துல இங்க இருந்து கல்யாணக் கேசட் அனுப்பி, அங்க போட்டா வரலைன்னு போன்ல அழுத அக்காங்க எத்தனை பேர்! ரெண்டு முறையும் ஓட்டற டெக் கிடைக்கற வரைக்கும் அது காத்திருக்கு.

போன மாசம் பிள்ளையார்பாளையத்துல தறி வச்சிருக்கற ஒரு அண்ணன் வீட்டுக்கு வந்தார். 1988 கல்யாணக் கேசட்டை ஓட்டிக் காட்டச் சொன்னார். முகத்தை எல்லாம் அவர் பார்க்கவே இல்லை. கரையில இருந்த டிசைனைத் திருப்பி நெய்யணுமாம், ஜக்கார்டு அட்டைக்கு வரையறதுக்கு மாதிரி வேணுமாம். நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். சிவப்பு வழிஞ்சதுல ஒண்ணும் பிடிபடல. "தம்பி, பாட்டி பேசுதுன்னியே, அதைப் போடு"ன்னார். போட்டேன். கண்ணை மூடிக்கிட்டு கேட்டார். பாட்டி முந்தியைப் பத்திச் சொல்ற இடத்துல "நிறுத்து, நிறுத்து"ன்னு சொல்லி, பாக்கெட்டுல இருந்த சீட்டுல பென்சிலால ஏதோ எண்ணிக்கை குறிச்சுக்கிட்டு, காபி கூடக் குடிக்காம கிளம்பிப் போயிட்டார்.