கடல் கடந்த சிரமதானம்: மாணவர் தொண்டுப் பயணங்களின் வரலாறு

பள்ளி மாணவர்கள் ஆசிரியர் துணையோடு வேறொரு நாட்டுக்குச் சென்று, அங்கே ஒரு கிராமத்தில் இரண்டு மூன்று வாரம் தங்கித் தொண்டு செய்யும் வழக்கம் இன்று பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் நிலைபெற்றிருக்கிறது. வகுப்பறைக்கு வெள்ளையடிப்பது, கழிப்பறை கட்டுவது, தண்ணீர்த் தொட்டி அமைப்பது, சிறுபிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது ஆகியவை இத்தகைய பயணங்களில் வழக்கமாக நடக்கும் வேலைகள். இவ்வழக்கத்தின் வேர் முதல் உலகப் போரின் இடிபாடுகளில் இருக்கிறது. பணிமுகாமாகப் பிறந்து, காலனி ஆட்சிகள் முடிந்த காலத்தில் கடல் கடந்து, பின்னர் பாடத்திட்டத்துக்குள் நுழைந்து, கடைசியில் பயண வணிகத்தோடும் பிணைந்தது. யார் கேட்டு இந்த வேலை நடக்கிறது, எது தேவை என்று முடிவுசெய்வது யார் என்ற கேள்வி இந்த நூறாண்டிலும் அதைத் தொடர்ந்து வந்திருக்கிறது.

வெர்டன் அருகே முதல் முகாம்

1916இல் மாதக்கணக்கில் போர் நடந்த பிரெஞ்சு நகரம் வெர்டன். அதன் அருகிலுள்ள எஸ்ன் என்ற சிற்றூர் பீரங்கித் தாக்குதலில் தரைமட்டமானது. 1920 இறுதியில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பொறியாளர் பியர் செரெசோல் ஒரு சிறு குழுவோடு அங்கே போய்ச் சேர்ந்தார். குழுவில் நேற்றுவரை எதிரிகளாயிருந்த நாடுகளின் ஆட்கள் இருந்தார்கள், ஜெர்மானியரும் இருந்தார்கள். குண்டு விழுந்த பள்ளங்களைத் தூர்ப்பது, சிதைந்த வழிகளைச் சீராக்குவது, வீடிழந்தவர்களுக்கு மரக்குடில்கள் கட்டுவது என்று அவர்கள் வேலையைத் தொடங்கினார்கள். இடித்த நாட்டின் ஆள் தன் கையாலேயே கட்டித் தரவேண்டும் என்பது செரெசோலின் எண்ணம்.

அந்த எண்ணத்தை ஊர் முழுதாக ஏற்கவில்லை. மகனைப் போரில் பறிகொடுத்த வீட்டு வாசலில் ஜெர்மானியன் மண்வெட்டியோடு நிற்பதைத் தாங்கிக்கொள்வது எளிதல்ல. சில மாதங்களில் எதிர்ப்பு வலுத்தது, முகாம் கலைந்தது. நல்லெண்ணம் மட்டும் அழைப்பாகிவிடாது என்ற பாடம் முதல் முகாமிலேயே கிடைத்துவிட்டது.

செரெசோல் தளரவில்லை. அவருடைய தந்தை பால் செரெசோல் சுவிஸ் கூட்டாட்சியின் தலைவராக இருந்தவர். மகனோ ராணுவ வரி கட்ட மறுத்துச் சிறை சென்றவர். 1924இல் ஆல்ப்ஸ் மலையில் பனிச்சரிவால் சேதமுற்ற ஊரில் அடுத்த முகாம் நடந்தது. ராணுவ அதிகாரியான அவருடைய அண்ணன் எர்னெஸ்ட்டும் அதில் துணைநின்றார். 1927இல் லிக்டன்ஸ்டைன் நாட்டை ரைன் ஆற்று வெள்ளம் மூழ்கடித்தது; 1928இல் 700க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் அங்கே திரண்டு, வயல்களை மூடியிருந்த கல்லையும் மணலையும் அகற்றினார்கள். இந்த முகாம்களிலிருந்து வளர்ந்ததுதான் ‘சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல்’ என்ற அமைப்பு. சம்பளம் கிடையாது, பல நாட்டவரும் ஒரே கூரையின் கீழ் தங்குவார்கள், உடலுழைப்பே முதன்மை என்ற முகாம் இலக்கணம் இங்கேதான் உருவானது.

பீகாரில் செரெசோல்

1934 ஜனவரி 15 அன்று பீகாரைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. பூமி பிளந்து கக்கிய மணல் வயல்களை மூடியது. நீரோட்டங்கள் திசைமாறி, முன்பு வெள்ளம் எட்டாத ஊர்களிலும் தண்ணீர் புகுந்தது. 1931இல் காந்தியடிகள் சுவிட்சர்லாந்துக்கு வந்தபோது அவரைச் சந்தித்திருந்த செரெசோல் செய்தியறிந்து இந்தியாவுக்குப் புறப்பட்டார். நிவாரணப் பணிகளுக்குத் தலைமையேற்றிருந்தவர் ராஜேந்திர பிரசாத்.

செரெசோல் வந்தவுடன் மண்வெட்டியைத் தூக்கவில்லை. முதலில் வந்து நிலைமையைப் பார்த்தார், பொறுப்பிலிருந்தவர்களோடு பேசினார், பிறகே சில தோழர்களோடு திரும்பி வந்தார். முசாபர்பூர் பகுதியில் வெள்ளம் எட்டாத மேட்டு நிலங்களில் ஊர்களை மறுபடி அமைக்கும் வேலையில் அந்தச் சிறு குழு 1937 வரை ஈடுபட்டது. இடம் தேடுவது, வீட்டுமனை பிரிப்பது, கிணறு எங்கே வெட்டுவது என்பதெல்லாம் ஊராரையும் உள்ளூர் அமைப்புகளையும் சேர்த்துக்கொண்டு முடிவுசெய்ய வேண்டிய காரியங்கள். ஐரோப்பியர் ஆளவோ மதம் பரப்பவோ வராமல் உழைக்க வந்தது அந்தக் காலத்தில் புதுமை.

1958: மூன்று தொடக்கங்கள்

இளையோர் தொண்டின் வரலாற்றில் 1958 முக்கியமான ஆண்டு. ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று முயற்சிகள் மூன்று கண்டங்களில் அந்த ஆண்டில் தொடங்கின.

முதலாவது பிரிட்டனில். அங்கே கட்டாய ராணுவச் சேவை முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. பள்ளிப்படிப்பை முடித்துப் பல்கலைக்கழகத்துக்குக் காத்திருந்த 18 வயது இளைஞர்களை ஓராண்டு வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று அலெக் டிக்சனும் அவர் மனைவி மோராவும் திட்டமிட்டார்கள். டிக்சன் அதற்கு முன் மேற்கு ஆப்பிரிக்காவில் மேன் ஓ வார் பே என்ற இடத்தில் பயிற்சி மையம் நடத்தியவர். அங்கே ஆப்பிரிக்க இளைஞர்கள் கிராமங்களுக்குத் தாமே சென்று உழைத்ததைப் பார்த்த அனுபவமே அவருடைய திட்டத்துக்கு வித்து. ‘விஎஸ்ஓ’ என்று அறியப்படும் அமைப்பு இப்படிப் பிறந்தது. முதல் இளைஞர்கள் சரவாக், கானா முதலிய இடங்களுக்குப் போனார்கள். சில ஆண்டுகளிலேயே ஏற்கும் நாடுகளின் தேவை மாறியது. பள்ளி முடித்த பையனைவிடப் பட்டம் பெற்ற ஆசிரியரும் செவிலியரும் பொறியாளருமே வேண்டும் என்ற நிலை வந்ததும் விஎஸ்ஓ படிப்படியாகப் பள்ளி மாணவர்களை அனுப்புவதை விட்டது.

இரண்டாவது அமெரிக்காவில். நியூயார்க்கின் ஹார்லம் பகுதியைச் சேர்ந்த கறுப்பினப் போதகர் ஜேம்ஸ் ராபின்சன் ‘ஆபரேஷன் கிராஸ்ரோட்ஸ் ஆப்பிரிக்கா’வைத் தொடங்கி, மாணவர் குழுக்களைக் கோடை விடுமுறையில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கு அனுப்பினார். அங்குள்ள மாணவர்களோடு சேர்ந்து அவர்கள் வேலை செய்தார்கள். 1961இல் பீஸ் கோர் என்ற தொண்டர் அமைப்பை நிறுவிய அமெரிக்க அதிபர் கென்னடி, இதைத் தமது திட்டத்துக்கு முன்னோடி என்று பாராட்டினார்.

மூன்றாவது இலங்கையில். கொழும்பு நாலந்தா கல்லூரி என்ற பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்த ஏ. டி. ஆரியரத்ன, 1958 டிசம்பரில் சுமார் 40 மாணவர்களையும் சில ஆசிரியர்களையும் அழைத்துக்கொண்டு கனத்தொலுவ என்ற கிராமத்துக்குப் போனார். அங்கே வாழ்ந்தவர்கள் சாதியால் ஒதுக்கப்பட்ட ரொடியர் மக்கள். அந்த ஊர்த் தண்ணீரைக்கூட வெளியார் குடிக்காத காலம் அது. நகரத்து வசதியான வீட்டுப் பிள்ளைகள் அவர்களோடு தங்கி, உண்டு, உழைத்தார்கள். கிணறும் கழிப்பறையும் தோண்டினார்கள், தோட்டம் போட்டார்கள். மாணவர்கள் நாட்டெல்லையைத் தாண்டவில்லை. ஆனால் அவர்கள் தாண்டிய எல்லை கடலைவிட அகலமானது.

அந்தப் பயணத்திலிருந்து வளர்ந்த சர்வோதய சிரமதான இயக்கம் பின்னர் இலங்கையின் ஆயிரக்கணக்கான கிராமங்களுக்குப் பரவியது. உழைப்பைத் தானமாகத் தருவது என்பதே சிரமதானம் என்ற சொல்லின் பொருள். அதன் முகாம்களில் அன்றாடம் குடும்பக் கூடல் நடக்கும். ஊர்ப் பெரியவர் முதல் சிறுவர் வரை எல்லோரும் உட்கார்ந்து பேசுவார்கள். ஒருவரையொருவர் அம்மா, அப்பா, அண்ணன், தங்கை என்று உறவுமுறை சொல்லி அழைப்பது விதி. பாதையை நாம் போடுகிறோம், பாதை நம்மை உருவாக்குகிறது என்பது இயக்கத்தின் முழக்கம். பாதை வெட்டுபவர்களில் ஊராரும் உண்டு, சொல்லப்போனால் அவர்களே பெரும்பாலோர். வெளியிலிருந்து வருபவர் கைகொடுப்பவர் மட்டுமே.

எதிர்க்குரலும் மாற்றுவழியும்

1960களில் அமெரிக்க மாணவர்கள் கூட்டங்கூட்டமாக லத்தீன் அமெரிக்காவுக்குப் போகத் தொடங்கினார்கள். டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனில் 1965இல் தொடங்கிய ‘அமிகோஸ் டி லாஸ் அமெரிக்காஸ்’ உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குப் பயிற்சியளித்து, போலியோ தடுப்பு மருந்து கொடுக்க ஹோண்டுராஸுக்கு அனுப்பியது. வேலை திட்டவட்டமானது, பயிற்சி முன்கூட்டியே கிடைத்தது, பலன் எண்ணிப் பார்க்கக் கூடியதாக இருந்தது. எல்லாக் குழுக்களும் அப்படி இல்லை.

1968 ஏப்ரலில் மெக்சிகோவின் குவெர்னவாகா நகரில், கோடைத் தொண்டுக்குத் தயாராயிருந்த அமெரிக்க மாணவர்கள் முன் இவான் இல்லிச் பேசினார். வியன்னாவில் பிறந்து, மெக்சிகோவில் ஆய்வு மையம் நடத்திய கத்தோலிக்கப் பாதிரியார் அவர். மொழி தெரியாமல், ஊர் நடப்பு தெரியாமல் வந்து இறங்கும் இளைஞன் தான் செய்வது இன்னதென்று சொல்லும் கிராமத்துக்காரரின் பேச்சைக்கூடப் புரிந்துகொள்ள மாட்டான் என்று எச்சரித்தார். பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய என்று மட்டும் வராதீர்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். இன்றும் பல தொண்டு அமைப்புகள் புறப்படும் மாணவர்களுக்கு அந்த உரையை வாசிக்கக் கொடுக்கின்றன.

இதற்கு ஒரு செயல்வழிப் பதில் கனடாவிலிருந்து வந்தது. ஜாக் எபேர் 1971இல் நிறுவிய ‘கனடா வேர்ல்ட் யூத்’ திட்டத்தில் கனடிய இளைஞரும் பங்கேற்கும் நாட்டின் இளைஞரும் ஒரே குழுவாக இருந்தார்கள். சில மாதம் கனடாவில் ஓர் ஊரில் உழைத்தார்கள். சில மாதம் மற்ற நாட்டில் உழைத்தார்கள். கொடுப்பவர் ஒரு பக்கம், பெறுபவர் ஒரு பக்கம் என்ற பிரிவினை இதில் இருக்கவில்லை. ஆனால் செலவும் காலமும் கூடுதலாகப் பிடிக்கும் இந்த முறையைப் பள்ளிக்கூடங்கள் எளிதில் பின்பற்ற முடியவில்லை.

பாடத்திட்டமும் வணிகமும்

தொண்டைக் கல்வியின் உறுப்பாகக் கண்டவர் ஜெர்மானியக் கல்வியாளர் குர்ட் ஹான். அவருடைய சிந்தனையில் உருவான அட்லான்டிக் கல்லூரி 1962இல் வேல்ஸில் திறக்கப்பட்டது. மாணவர்கள் கடல் மீட்புப் பணியில் பயிற்சி பெற்றது அதன் தனிச்சிறப்பு. 1968இல் ஜெனீவாவில் நிறுவப்பட்ட இன்டர்நேஷனல் பக்கலாரியட் கல்வித் திட்டத்திலும் தொண்டு ஒரு கட்டாயக் கூறாக இடம்பெற்றது. சிங்கப்பூர் 1997இல் சமூகப் பணித் திட்டத்தைப் பள்ளிகளில் கொண்டுவந்தது. 2000இல் இளையரை அண்டை நாடுகளுக்கும் இந்தியாவுக்கும் அனுப்பும் பயணத் திட்டத்துக்கு அரசு ஆதரவு கிடைத்தது. கம்போடியா, லாவோஸ், வியட்நாம், இந்தோனேசியக் கிராமங்கள் சிங்கப்பூர் மாணவர்களுக்குப் பழக்கமான இடங்களாயின.

தொண்டு மதிப்பெண்ணோடும் பல்கலைக்கழக விண்ணப்பத்தோடும் சேர்ந்தபோது தேவை பெருகியது. அதை நிறைவேற்ற நிறுவனங்கள் முளைத்தன. பிரிட்டனில் 1984இல் ‘ஆபரேஷன் ராலே’ இளையோர் பயணங்களைத் தொடங்கியது. 1980களின் பிற்பகுதியிலிருந்து பள்ளிகளுக்கென்றே பயணம் ஏற்பாடு செய்யும் நிறுவனங்கள் வளர்ந்தன. செரெசோலின் முகாமில் உழைப்புதான் நுழைவுச்சீட்டு; இப்போது பணம் கட்டிச் சேர்வது இயல்பானது. விமானக் கட்டணம் கட்டுபவர் பெற்றோர் என்பதால், திட்டத்தின் வடிவமும் அவர் பிள்ளைக்கு ஏற்றதாக மாறியது: விடுமுறைக்குள் முடிய வேண்டும், ஆபத்து கூடாது, செய்து முடித்தது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

இதன் விளைவைக் காட்டும் ஒரு நிகழ்ச்சியை அமெரிக்க எழுத்தாளர் பிப்பா பிடில் 2014இல் எழுதினார். பள்ளிக் காலத்தில் தோழிகளோடு தான்சானியாவுக்குப் போய் அவர் ஒரு நூலகக் கட்டட வேலையில் சேர்ந்தார். மாணவிகள் பகலெல்லாம் செங்கல் அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். வரிசை கோணியது, சுவர் நிற்கும் தரத்தில் இல்லை. இரவில் உள்ளூர் ஆண்கள் வந்து அந்தச் செங்கற்களைப் பிரித்தெடுத்து, ஒழுங்காக மறுபடி கட்டிவைத்தார்கள். காலையில் மாணவிகள் எதுவும் தெரியாமல் வேலையைத் தொடர வேண்டும் என்பதற்காக அப்படி நடந்தது. கரணை பிடிக்கவும் தூக்குக்குண்டு பார்க்கவும் கொத்தனாருக்கு ஆண்டுகள் ஆகின்றன. அந்த வேலையை இரண்டு வாரத்துக்கு வந்த மாணவரிடம் கொடுப்பது உள்ளூர்க் கொத்தனாரின் கூலியைப் பறிப்பதாகவும், சில இடங்களில் அவருக்கு இரட்டை வேலை வைப்பதாகவும் முடிகிறது.

அனாதை இல்லங்கள்

இந்த வழக்கத்தின் மிகக் கசப்பான பக்கம் குழந்தைகள் இல்லங்களில் வெளிப்பட்டது. கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையில் இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் உயர்ந்தது. அங்கிருந்த குழந்தைகளில் முக்கால்வாசிப் பேருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தது யுனிசெஃப் ஆதரவோடு நடந்த ஆய்வில் தெரிந்தது. வெளிநாட்டார் வருகையும் நன்கொடையும் இல்லங்களுக்கு வருமானமானதால், படிப்பு கிடைக்கும் என்று சொல்லி ஏழைப் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளை அழைத்துவரும் நிலை உண்டானது. வாரத்துக்கு ஒரு குழுவாக வந்து கொஞ்சிவிட்டுப் போகும் அந்நியர்களிடம் ஒட்டி ஒட்டிப் பிரியும் குழந்தையின் மனம் எவ்வளவு காயப்படும் என்பதைக் குழந்தைநல அறிஞர்கள் எடுத்துக்காட்டினார்கள்.

குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் அல்ல என்ற பிரசாரம் 2011இல் கம்போடியாவில் தொடங்கியது. ஆஸ்திரேலியா 2018இல் நவீன அடிமைமுறைச் சட்டம் இயற்றிய காலத்தில், இல்லங்களை நிரப்பக் குழந்தைகளைக் கொண்டுவருவதும் ஒருவகைக் கடத்தலே என்று அந்நாட்டில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 2019இல் ஐ.நா. பொதுச்சபையின் குழந்தை உரிமைத் தீர்மானமும் இதைக் கவனத்தில் எடுத்தது. பல நாடுகளின் பள்ளிகளும் பயண நிறுவனங்களும் இல்லங்களுக்குப் போவதை நிறுத்தின.

இன்றைய நடைமுறை

விமர்சனங்களுக்குப் பிறகு கவனமான பள்ளிகள் பயணத்தின் அமைப்பையே மாற்றின. ஒரே கிராமத்துக்கு ஆண்டுதோறும் திரும்பிச் செல்வது, ஆசிரியர் முன்கூட்டியே போய் ஊராரோடு பேசுவது, மாணவர்கள் அடிப்படை மொழியும் ஊரின் வரலாறும் கற்றபின் புறப்படுவது ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. கட்டட வேலையில் உள்ளூர்க் கொத்தனாரே தலைமையேற்கிறார். மாணவர் மண் சுமந்து, சாந்து குழைத்துச் சித்தாளாக நிற்கிறார். திட்டத்துக்கான பணம் ஊர்க்குழுவின் கணக்குக்குப் போகிறது. திரும்பிய பின் மாணவர்கள் கண்டதை எழுதிப் பகிர்கிறார்கள். 2020இல் கொரோனா பரவி எல்லைகள் மூடியபோது பயணங்கள் நின்றன. அப்போதும் தொடர்ந்து நடந்தவை உள்ளூராரின் பொறுப்பில் இருந்த திட்டங்களே.

புதியவை போலத் தோன்றும் இந்த நடைமுறைகள் பழையவையே. முதலில் வந்து பார்த்துப் பிறகு வேலை தொடங்குவதை செரெசோல் பீகாரில் செய்தார். ஊராரோடு உட்கார்ந்து முடிவெடுப்பது சிரமதான முகாம்களின் அன்றாட வழக்கம். எங்கெல்லாம் இந்த இரண்டும் இருந்தனவோ அங்கே மாணவரின் உழைப்பு ஊருக்குப் பயன்பட்டது. இல்லாத இடத்தில் அதன் செலவை ஊர் ஏற்றது. எஸ்ன் ஊரின் மரக்குடில்கள் தொடங்கி இன்றைய தண்ணீர்த் தொட்டிகள் வரை இந்த வரலாறு காட்டுவது இதையே.