மேகம் விட்டு வீடு திரும்பிய கணினிகள்

வாடகைக்குக் குடியிருப்பதா, சொந்தமாகக் கட்டிக்கொள்வதா என்ற கேள்வி நம் அனைவருக்கும் பழகிய ஒன்று. வணிக நிறுவனங்களும் தம் கணினி வேலைகளைப் பொறுத்து இதே கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. கணக்குகள், வாடிக்கையாளர் விவரங்கள், மின்னஞ்சல்கள், கோப்புகள் ஆகியவற்றைச் சொந்தச் சர்வர்களில் வைத்துக்கொள்வதா, அல்லது அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் போன்ற நிறுவனங்கள் வாடகைக்கு விடும் சர்வர்களில் வைப்பதா? இந்த இரண்டாவது வழிக்குத்தான் மேகக் கணிமை என்று பெயர். நிறுவனங்கள் அணி அணியாக மேகத்தை நோக்கிச் சென்ற கதையைப் பலரும் அறிவர். சென்றவருள் சிலர் திரும்பி வந்த கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அக்கதையை அதன் வேர்களோடு சேர்த்து இக்கட்டுரையில் காண்போம்.

முதல் அலை

வாடகைக் கணினி என்பது 21ஆம் நூற்றாண்டின் புதுமை என்று எண்ணுவோர் 1961ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். அவ்வாண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கழகம் தன் நூற்றாண்டு விழாவைக் கொண்டாடியது. அங்கு உரையாற்றிய ஜான் மெக்கார்த்தி, தொலைபேசியைப் போலக் கணினியாற்றலும் ஒருநாள் பொதுச் சேவையாக வழங்கப்படக்கூடும் என்றார். அதே ஆண்டு நவம்பரில் ஃபெர்னாண்டோ கார்பட்டோவின் குழுவினர், ஒரே கணினியைப் பலர் ஒரே வேளையில் பயன்படுத்தும் நேரப்பகிர்வு முறையை அங்கேயே செய்து காட்டினர்.

1960களின் நடுப்பகுதியில் ஜெனரல் எலக்ட்ரிக், டைம்ஷேர் போன்ற நிறுவனங்கள் இதனை வணிகமாக்கின. வாடிக்கையாளரின் அலுவலகத்தில் தட்டச்சுப் பொறி போன்ற ஒரு முனையம் இருக்கும். தொலைபேசிக் கம்பி வழியே அது எங்கோ இருக்கும் பெருங்கணினியோடு இணையும். இணைந்திருந்த நேரம், கணினி உழைத்த நேரம், சேமித்து வைத்த அளவு என்று தனித்தனியே கணக்கிட்டுக் கட்டணம் வாங்கினர். இன்றைய மேகக் கணிமையின் மாதக் கட்டணச் சீட்டைப் பார்த்தவர்களுக்கு இது சிறிதும் புதிதாகத் தோன்றாது!

இந்த ஏற்பாட்டின் அடிப்படைக் காரணம் விலை. பெருங்கணினியை விலைக்கு வாங்குவது பெரும்பாலான நிறுவனங்களின் சக்திக்கு அப்பாற்பட்டது. ஆனால் 1965இல் வெளிவந்த பி.டி.பி.-8 என்னும் சிறுகணினியின் விலை 18,000 டாலர்தான். 1979இல் விசிகால்க் என்னும் கணக்குத்தாள் மென்பொருளும், 1981இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் தனிக்கணினியும் வந்தன. மணிக்கணக்கில் வாடகை கொடுத்துச் செய்த கணக்கீடுகள் மேசை மேலேயே நடக்கத் தொடங்கின. கணினி வேலை வீடு திரும்பிய முதல் நிகழ்ச்சி இதுவே எனலாம்.

இரண்டாம் அலை

2006 மார்ச்சில் அமேசான் தனது எஸ்3 சேமிப்புச் சேவையைத் தொடங்கியது. ஒரு ஜிகாபைட்டை ஒரு மாதம் வைத்திருக்க 15 சென்ட் கட்டணம். அதே ஆண்டு ஆகஸ்டில் சர்வர்களையே மணிக்கு 10 சென்ட் வாடகைக்கு விட்டது. சொந்தச் சர்வர் வேண்டுமானால் முதலீடு தேடி, பொறிகளுக்குச் சொல்லி வைத்து, அவை வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். வாடகைச் சர்வரோ சில நிமிடங்களில் கிடைத்துவிடும். வேண்டாமென்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். நாளை பத்துப் பேர் வருவரா, பத்து லட்சம் பேர் வருவரா என்று அறியாத இளம் நிறுவனங்களுக்கு இது பெரும் வரம்.

2016இன் தொடக்கத்தில் அடுத்தடுத்து வந்த இரண்டு அறிவிப்புகள் நம் கவனத்துக்குரியவை. பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸ், தன் மேகப் பயணம் நிறைவடைந்ததாக அறிவித்தது. 2008இல் அதன் தரவுத்தளம் பழுதுபட்டதால் தொடங்கிய பயணம் அது, ஏழாண்டுகள் பிடித்தது. மறுமாதமே டிராப்பாக்ஸ், தான் மேகத்தை விட்டுப் பெருமளவு வெளியேறிவிட்டதாக அறிவித்தது!

பிறருடைய கோப்புகளைக் காத்துத் தருவதே டிராப்பாக்ஸின் தொழில். அக்கோப்புகளோ தொடக்கம் முதல் அமேசானின் எஸ்3இல் இருந்தன. சேமிப்பையே விற்கும் ஒருவர் அச்சேமிப்பை இன்னொருவரிடம் வாடகைக்கு வாங்கினால் மிஞ்சுவது என்ன? மேஜிக் பாக்கெட் என்ற பெயரில் சொந்தச் சேமிப்பு அமைப்பைக் கட்டினர். 2015 அக்டோபருக்குள் பயனர் தரவுகளில் 90 விழுக்காட்டை அங்கு கொண்டுவந்தனர். அவர்களிடம் சேர்ந்திருந்தது 500 பெட்டாபைட்டுக்கும் மேல்; அதாவது 50 கோடி ஜிகாபைட்டுக்கும் மேல். 2018இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது அளித்த ஆவணத்தின்படி, இரண்டாண்டுகளில் மிச்சமான செலவு ஏறத்தாழ 7.5 கோடி டாலர்.

அப்படியானால் நெட்ஃபிளிக்ஸ் செய்தது தவறா? அங்கும் ஒரு நுட்பம் உண்டு. பயனர் கணக்குகள், பரிந்துரைகள் போன்றவற்றைத்தான் அது அமேசானில் வைத்தது. படங்களைப் பார்வையாளரிடம் கொண்டுசேர்க்கும் பெருவேலையைத் தானே வடிவமைத்த ஓப்பன் கனெக்ட் பெட்டிகள் மூலம் செய்தது. எதை வாடகைக்கு எடுப்பது, எதைக் கையில் வைத்திருப்பது என்பதை இரு நிறுவனங்களும் தத்தம் தொழிலின் தன்மை அறிந்து தீர்மானித்தன.

கட்டியும் கைவிட்டவர்

வீட்டைக் கட்டிப்பார் என்று நம் முன்னோர் எச்சரித்தது இங்கும் பொருந்தும். 2009இல் ஃபார்ம்வில் விளையாட்டால் புகழ்பெற்ற ஸிங்கா நிறுவனம், பெருகிவந்த கூட்டத்தைச் சமாளிக்க அமேசானின் சர்வர்களை நாடியது. பின்னர் ஸீகிளவுட் என்ற சொந்தக் கட்டமைப்பை எழுப்பி, 2011இல் தன் வேலைகளில் பெரும்பகுதியை அதற்கு மாற்றியது. ஆனால் விளையாட்டுகளின் மவுசு குறைந்து பயனர் எண்ணிக்கை சரிந்தது. வாடகைச் சர்வரைத் திருப்பிக் கொடுக்கலாம். சொந்தச் சர்வரை யாரிடம் கொடுப்பது? 2015இல் ஸிங்கா தன் தரவு மையங்களை மூடிவிட்டு அமேசானுக்கே திரும்ப முடிவெடுத்தது. சீரான தேவை உள்ளவருக்கே சொந்த வீடு லாபம் என்பது இதனால் பெறப்படும் பாடம்.

இதற்கு மறுதலை 37சிக்னல்ஸ். பேஸ்கேம்ப், ஹே ஆகிய மென்பொருள்களை நடத்தும் சிறு நிறுவனம் இது. மேகத்தை விட்டு விலகுவதாக 2022 அக்டோபரில் அதன் உரிமையாளருள் ஒருவரான டேவிட் ஹைனமையர் ஹான்சன் அறிவித்தார். அவ்வாண்டு அவர்கள் மேகத்துக்குச் செலுத்திய தொகை ஏறத்தாழ 32 லட்சம் டாலர். ஏறத்தாழ 7 லட்சம் டாலருக்கு டெல் சர்வர்களை வாங்கி, 2023இல் சில மாதங்களிலேயே முதன்மை மென்பொருள்களை இடம் மாற்றினர். ஆண்டுச் செலவு 13 லட்சமாகக் குறைந்ததென 2024இல் கணக்குக் காட்டினர். கோப்புச் சேமிப்பு மட்டும் அதன் பின்னரும் சிறிது காலம் அமேசானிலேயே இருந்தது. வேலைக்குப் புதிதாக ஆள் எடுக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. சர்வர்கள் சொந்தம் என்றாலும், அவற்றை நிறுத்தியிருந்த இடமும் மின்சாரமும் குளிர்ச்சியும் தனியார் தரவு மையங்களில் வாடகைக்குப் பெற்றவையே. ஆக, சொந்தம் என்பதற்குள்ளும் படிகள் உண்டு.

வாசலில் ஒரு சுங்கம்

திரும்ப விரும்பியும் திரும்ப இயலாதோர் ஏராளம். மேகத்துக்குள் தரவைக் கொண்டுசெல்லக் கட்டணமில்லை; வெளியே எடுக்கத்தான் கட்டணம். அமேசானின் பட்டியல் விலை ஜிகாபைட்டுக்கு 9 சென்ட் அளவில் தொடங்கி, அளவு கூடக்கூடக் குறைந்தது. பெட்டாபைட் கணக்கில் வைத்திருப்போருக்கு இது பெருந்தொகை. 2024இன் முதல் மூன்று மாதங்களில் கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மூன்றும், முற்றிலுமாக வெளியேறுவோருக்கு இக்கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாக அடுத்தடுத்து அறிவித்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்ததையும், மாறிச்செல்வோரிடம் கட்டணம் வாங்குவதற்கு அது முடிவு நாள் குறித்ததையும் இங்கு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கட்டணம் நீங்கினாலும் பிணைப்பு முழுதும் நீங்கிவிடாது. ஒரு வழங்குநரிடம் மட்டுமே கிடைக்கும் தரவுத்தளத்தின் மீது மென்பொருளைக் கட்டியவர், இடம் மாறும்போது அதைப் பிரித்துத் திரும்பக் கட்டியாக வேண்டும். எங்கும் இயங்கும் திறமூல மென்பொருள்களின் மீது கட்டியவருக்கு அத்தொல்லை குறைவு. சொந்த இடத்திலும் வேறொரு உரிமையாளர் முளைக்கலாம். சொந்தத் தரவு மையங்களில் பரவலாகப் பயன்பட்டுவந்த விஎம்வேரை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர உரிமங்களின் விற்பனையை நிறுத்திச் சந்தா முறைக்கு மாற்றியது. கட்டடம் நம்முடையது, சாவி வேறொருவரிடம்!

இந்த அறுபதாண்டு வரலாற்றைத் தொகுத்து நோக்கினால் ஒன்று விளங்குகிறது. வாடகையும் சொந்தமும் விலைக்கும் தேவைக்கும் ஏற்ப மாறி மாறி வருபவை. மாறாமல் காக்க வேண்டிய செல்வம் ஒன்றுண்டு. அது தன் கணினிகளைத் தானே நடத்தத் தெரிந்த ஆட்களின் அறிவு. டிராப்பாக்ஸும் 37சிக்னல்ஸும் திரும்ப முடிந்தது, அந்த அறிவை வாடகைக் காலத்திலும் இழக்காமல் இருந்ததனால்தான் என்று நாம் கருதுகிறோம். அதை இழந்த நிறுவனத்துக்கு, வாசற்சுங்கம் ஒழிந்தாலும், திரும்பிச் செல்ல வழி தெரியாது. மேகத்தில் வாழ்வதில் குற்றமில்லை. மண்ணில் நடக்க மறந்துபோவதே ஆபத்து.