புழுவின் நரம்பை எண்ணியவர்கள்



"புழுவைப் பத்திப் படிச்சு என்ன பிரயோசனம் சேர்?" உயர்தரத்தில் உயிரியல் எடுக்கும் பிள்ளைகளின் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஒரு புழுவின் வரலாற்றையே பதிலாகத் தருகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

சிட்னி பிரென்னர் தென்னாபிரிக்காவில் பிறந்தவர். தந்தை சப்பாத்துத் திருத்துபவர். எழுத வாசிக்கத் தெரியாதவர். நகரசபை கொடுத்த உதவிப்பணத்தில்தான் மகன் பல்கலைக்கழகம் போனார். 1963இல் கேம்பிரிட்ஜில் இருந்தபோது, பரம்பரை அலகுகள் ஒரு நரம்புத் தொகுதியை எப்படிக் கட்டுகின்றன என்று தேட முடிவெடுத்தார். மனித மூளையில் பல ஆயிரம் கோடி நரம்புக் கலங்கள். அதை எண்ணி முடியாது. அதனால் ஒரு மில்லிமீற்றர் நீளமான வட்டப்புழுவைத் தெரிவு செய்தார். பெயர் சினோராப்டிடிஸ் எலிகன்ஸ். நம் களப்புச் சேற்றிலும் தோட்டத்து மண்ணிலும் இதன் உறவினர்கள் ஏராளம். உடல் கண்ணாடி போலத் தெளிவு.

ஜோன் வைட் முதலானோர் அந்தப் புழுவை மிக மெல்லிய சீவல்களாக வெட்டி, இலத்திரன் நுணுக்குக்காட்டியில் படமெடுத்து, ஒவ்வொரு நரம்பாகப் பின்தொடர்ந்தார்கள். 1986இல் வரைபடம் வெளியானது: 302 நரம்புக் கலங்கள், ஏறத்தாழ 5,000 இரசாயன நரம்பிணைப்புகள். வேறொரு புழுவை எடுத்தாலும் அதே நரம்பு பெரும்பாலும் அதே கூட்டாளியோடுதான் இணைந்திருந்தது. யார் சொல்லிக் கொடுத்தது?

2003, 2004இல் காங் ஷென், கோர்னீலியா பார்க்மன் ஆகியோர் ஒரு விடை கண்டார்கள். முட்டையிடுவதைக் கட்டுப்படுத்தும் நரம்பில் சிக்-1 என்ற புரதம் உண்டு. பக்கத்திலுள்ள மேலணிக் கலங்களில் சிக்-2 உண்டு. இரண்டும் பற்றிக்கொள்ளும் இடத்தில்தான் இணைப்பு அமைகிறது. அந்த மேலணிக் கலம் செய்தி கொடுப்பதுமில்லை, வாங்குவதுமில்லை. நம்மூர்க் கலியாணத் தரகர் மாதிரி, சேர்த்து வைப்பதோடு அதன் வேலை முடிந்தது. இதற்குரிய பரம்பரை அலகு பழுதானால் இணைப்பு தவறான இடத்தில் உருவாகும். 2007இல் மறுபக்கமும் தெரிந்தது: வால்பக்கக் கலங்கள் சுரக்கும் விண்ட் வகைப் புரதம் "இங்கே இணைப்பு வேண்டாம்" என்று தடுக்கிறது.

இதெல்லாம் வெள்ளைக்காரர் வேலை என்று நினைக்க வேண்டாம். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் படித்த ஒபைத் சித்தீகி 1962இல் மும்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். சூடு கூடினால் முடங்கும் பழ ஈக்களை வைத்து, பரம்பரை அலகுக்கும் நரம்புக்கும் உள்ள தொடர்பைத் தேடினார். பின்னர் பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைத் தொடங்கினார்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 2003இல், ஆட்டிசம் உள்ள சில சகோதரர்களிடம், நியூரோலிஜின் என்ற நரம்பிணைப்புப் புரதத்துக்கான பரம்பரை அலகில் மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தப் புரதம் புழுவிலும் இருக்கிறது. அதனால் அது செய்யும் வேலையைப் புழுவில் படிக்க முடிகிறது. எல்லா ஆட்டிசத்துக்கும் அதுவே காரணமல்ல. ஆனால் ஒன்று உறுதி: தாயின் வளர்ப்பு இதற்குக் காரணமல்ல. பிள்ளை பேசப் பிந்தினால் "உம்மா சரியில்ல" என்று சொல்வதை இன்றோடு நிறுத்துவோம். பிள்ளையை நேரத்தோடு வைத்தியரிடம் கூட்டிப் போக அந்த உம்மாவுக்குத் துணை நிற்போம்.

பிரயோசனம் கேட்ட பெற்றோரே, இதுதான் பிரயோசனம்.