ஓசூர்க் குதிரைகளுக்கு ஒரு படப்புத்தகம்

குழந்தைகளுக்கான குதிரைப் படப்புத்தகம் எதை வேணும்னாலும் புரட்டிப் பாருங்க. ஷெட்லாண்ட் மட்டக்குதிரை இருக்கும், இங்கிலாந்து ஷயர் இருக்கும், அரபுக் குதிரை கண்டிப்பா இருக்கும். நம்ம நாட்டுக் குதிரை ஒண்ணு இருந்தா அதிர்ஷ்டம். ஓசூர்ப் பிள்ளைகளுக்குன்னு ஒரு புத்தகம் போட்டா என்ன படம் வரையலாம்னு யோசிச்சேன். நாலு பக்கம் தேறியது.

முதல் பக்கம் அரபு. குழிந்த முகம், தூக்கிய வால். 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு விசித்திரம் எழுதியிருக்கிறார். மன்னர்கள் வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குவார்களாம். பராமரிக்கத் தெரியாமல் முக்கால்வாசி செத்துப் போகுமாம். அடுத்த வருஷம் மறுபடி கப்பல்! வியாபாரிகளுக்குக் கொண்டாட்டம்தானே :)

இரண்டாம் பக்கம் வேலர். இதுதான் ஓசூருக்கு நெருக்கம். 1824இல் ஆங்கிலேயர் ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் ராணுவக் குதிரைப் பண்ணை தொடங்கினார்கள். சுமார் 3,000 அடி உயரம், குளுகுளு காற்று, மேய்ச்சல் நிலம், பக்கத்திலேயே பெங்களூர் கண்டோன்மென்ட். குதிரைக்கு வேறென்ன வேணும்? பின்னாளில் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் மதராஸ் வந்த குதிரைகளும் இங்கே வந்தன. நியூ சவுத் வேல்ஸ் என்ற பெயரிலிருந்து வந்ததுதான் 'வேலர்'. முதல் உலகப் போருக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேல் குதிரைகள் போயின. ஊர் திரும்பியது ஒண்ணே ஒண்ணு. அதன் பெயர் சாண்டி. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லணுமான்னு கேட்காதீங்க. சொல்லத்தான் வேணும்.

மூன்றாம் பக்கம் காத்தியவாரி, குஜராத்துக்காரர். காது ரெண்டும் உள்பக்கமா வளைஞ்சு நுனி தொட்டுக்கும். வரையக் குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். ராணுவம் போய், மத்திகிரி அரசு கால்நடைப் பண்ணையான பிறகு, மாடுகளோடு இந்தக் குதிரையையும் அங்கே வளர்த்தார்கள்.

நாலாம் பக்கம் தமிழ்நாட்டுக் குதிரை. இங்கேதான் பென்சில் நிக்குது. மார்வாரி, காத்தியவாரி, ஸ்பிதி, சன்ஸ்காரி, பூட்டியா, மணிப்பூரி, கச்சி-சிந்தி... பதிவான இந்திய இனங்களில் ஒண்ணுகூட நம்முது இல்லை. ஊருக்கு ஊர் அய்யனாருக்கு மண்குதிரை செஞ்சு நிறுத்தினோம். ரத்தமும் சதையுமா ஒரு இனம் உருவாக்கலை.

ஏன்? சீதோஷ்ணம் ஒரு காரணம். எனக்குப் பெரிசாத் தெரிவது வேறு. இனம் என்பது காட்டில் தானா முளைக்கிறது இல்லை. இதைச் சேர்க்கணும், இதைக் கழிக்கணும்னு தலைமுறை தலைமுறையா ஒருத்தர் பார்த்துப் பார்த்து வளர்க்கணும். நமக்குக் குதிரை சண்டைச் சாமான். ராஜா காசு கொடுத்து வாங்கினார், தீர்ந்தா மறுபடி வாங்கினார். மாடு அப்படி இல்லை. ஏர் ஓட்டினவன் வீட்டிலேயே வளர்ந்தது. அதனால்தான் காங்கேயம், பர்கூர், உம்பளச்சேரி, ஆலம்பாடி என்று பெயர் சொல்ல முடிகிறது.

இன்னைக்கு ஓசூரில் குதிரைத்திறன்னா வண்டி எஞ்சின்தான். அதில் குறை சொல்ல ஒண்ணுமில்லை. ஆனா டிராக்டர் வந்தபிறகு, தர்மபுரி-கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆலம்பாடி மாடும் அருகிக்கிட்டே வருது. அந்த நாலாம் பக்கத்துல அதையே வரைஞ்சுடலாமான்னு தோணுது. குதிரைப் புத்தகத்துல மாடு எதுக்குன்னு ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும். கேட்கட்டும், அப்பத்தான் கதை சொல்ல முடியும்.