துடிப்பு வேகமும் உண்மை வேகமும்

கணிப்பொறி விளையாட்டில் ஒரு கார் விரைந்து செல்கிறது. அக்காட்சி நொடிக்கு 60 முறை புதிதாக வரையப்படுகிறது. ஒவ்வொரு முறையும் திரையிலுள்ள இலட்சக்கணக்கான புள்ளிகளுக்கு நிறம் கணக்கிட வேண்டும். இவ்வேலைக்கென்றே கணிப்பொறியில் பொருத்தப்படுவதுதான் கிராஃபிக்ஸ் அட்டை. எந்த நிறுவனத்தின் அட்டையை வாங்குவது? பெட்டியில் அச்சிட்ட மெகாஹெர்ட்ஸ் எண்ணைப் பார்த்தே பலர் முடிவு செய்துவிடுவர். அது எவ்வளவு தவறாகலாம் என்பதை 2002, 2003-ஆம் ஆண்டுகளில் நடந்த ஒரு போட்டி காட்டுகிறது.

கனடாவின் ஏடிஐ நிறுவனம் 2002 ஆகஸ்டில் ரேடியான் 9700 புரோ என்னும் அட்டையை வெளியிட்டது. அதன் சில்லின் துடிப்பு 325 மெகாஹெர்ட்ஸ். அதாவது நொடிக்கு 32.5 கோடி துடிப்புகள். மறு ஆண்டு அமெரிக்காவின் என்விடியா நிறுவனம் ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ராவைக் கொண்டுவந்தது. அதன் துடிப்போ 500 மெகாஹெர்ட்ஸ்!

ஆனால் தறி எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று கேட்டால் போதுமா? எத்தனை தறிகள் என்றும் கேட்க வேண்டுமல்லவா? என்விடியாவின் சில்லு ஒரு துடிப்பில் 4 புள்ளிகளுக்கு நிறமிட்டது. ஏடிஐயின் சில்லு 8 புள்ளிகளுக்கு. பெருக்கிப் பாருங்கள்: நொடிக்கு அது 200 கோடி, இது 260 கோடி. நினைவகத்துக்குச் செல்லும் பாதையும் முன்னதில் 128 பிட் அகலம், பின்னதில் 256 பிட். போதாக்குறைக்கு, 500 மெகாஹெர்ட்ஸில் ஓடிய சில்லைக் குளிர்விக்கப் பெரிய விசிறி வேண்டியிருந்தது. அதன் இரைச்சல் ஊரறிந்த கேலிப்பொருளாயிற்று.

இந்த வெப்பந்தான் ஓவர்கிளாக்கிங் செய்வோருக்கும் பகை. நிறுவனம் குறித்த அளவைவிடத் துடிப்பைக் கூட்டி ஓட்டுவதே ஓவர்கிளாக்கிங். சில்லு செலவிடும் மின்திறன் துடிப்பின் அளவிலும், மின்னழுத்தத்தின் இருமடி அளவிலும் உயரும். இரண்டையும் 10 விழுக்காடு கூட்டினால் வெப்பம் ஏறத்தாழ 33 விழுக்காடு கூடிவிடும். மேலும், ஒரே தகட்டிலிருந்து வெட்டிய சில்லுகள்கூட ஒன்றுபோல் இரா. ஏடிஐயின் மலிவான ரேடியான் 9500 அட்டையிலும் 9700-இன் சில்லே இருந்தது. அதன் 8 வரிசைகளில் 4 மட்டும் அடைக்கப்பட்டிருந்தன. ஆர்வலர்கள் அவற்றைத் திறந்து பார்த்தனர். சிலருக்கு யோகம், சிலருக்கோ திரை முழுதும் சதுரங்கக் கட்டங்கள்! அந்த வரிசைகள் பழுதானவை.

சரி, வேகத்தைச் சோதனை வைத்தே அளந்துவிடலாமே என்றால், அங்கும் சூது நுழைந்தது. 2003 மே மாதம் பின்லாந்தின் ஃபியூச்சர்மார்க் நிறுவனம் தன் 3டி மார்க் 03 சோதனையை ஆராய்ந்தது. சோதனையில் காமிரா செல்லும் வழி எப்போதும் ஒன்றே. கண்ணில் படாத பகுதிகளை முன்பே அறிந்து அங்கு வேலையைத் தவிர்க்கும்படி என்விடியாவின் இயக்கி மென்பொருள் எழுதப்பட்டிருந்ததாம். இதைத் தடுத்ததும் எஃப்எக்ஸ் 5900 அல்ட்ராவின் மதிப்பெண் 24 விழுக்காடு சரிந்தது. ஏடிஐ அட்டைக்குச் சரிவு 2 விழுக்காட்டுக்கும் குறைவே. மறு மாதமே இரு நிறுவனங்களும் கூட்டறிக்கை விட்டு, இது ஏமாற்று அன்று என்றன. எனக்கு அவ்விளக்கம் மனநிறைவு தரவில்லை.

ஏடிஐயும் தவறு செய்யாததன்று. 2001-இல் அதன் ரேடியான் 8500 குவேக் 3 விளையாட்டில் வியப்பூட்டும் வேகம் காட்டியது. ஐயமுற்ற சிலர் விளையாட்டுக் கோப்பின் பெயரில் குவேக் என்பதைக் குவாக் என்று மாற்றி ஓட்டினர். வேகம் உடனே குறைந்தது. மங்கியிருந்த சுவர்களும் தரையும் தெளிவாயின.