பெயர் மறந்த காட்சி: தொலைக்காட்சி வரலாற்றில் நினைவும் ஆவணமும்

கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி, அரசு ஆவணம் ஆகியவற்றையே வரலாற்றுச் சான்றுகளாகக் கொண்டு பழகியவர்கள் நாம். வாய்மொழி வரலாறும் அவ்வரிசையில் இடம்பெற்றுப் பல்லாண்டுகள் ஆகின்றன. ஆயின், சிறு பிராயத்தில் தொலைக்காட்சியில் ஓரிரு முறை கண்டு, பெயரும் ஆண்டும் மறந்து, ஒரு முகமோ குரலோ மட்டும் எஞ்சி நிற்கும் காட்சியைச் சான்றாகக் கொள்ள இயலுமா என்பது இன்னும் போதிய அளவு ஆராயப்படாத வினாவாகும். அவ்வாறு எஞ்சிய நினைவு ஒன்றைப் பலர் பல்லாண்டுகள் தேடிக் கண்டடைந்த நிகழ்வை முன்வைத்து அவ்வினாவை அணுக இக்கட்டுரை முற்படுகிறது.

அமெரிக்காவில் 1969ஆம் ஆண்டு நவம்பர் 10இல் ஒளிபரப்பாகத் தொடங்கிய சிறுவர் நிகழ்ச்சி 'செசமி ஸ்திரீட்' ஆகும். பொம்மைகளும் மனிதர்களும் தோன்றும் காட்சிகளுக்கிடையே ஓரிரு நிமிட அசைவூட்டப் படங்கள் அதில் செருகப்படுவதுண்டு. அவற்றுள் ஒன்று 'கிராக்ஸ்', அதாவது 'விரிசல்கள்'. 1975ஆம் ஆண்டின் இறுதியில் முதன்முதலாக ஒளிபரப்பான இப்படம் 1980க்குப் பின் திரையில் தோன்றவில்லை. படுக்கையில் கிடக்கும் சிறுமி ஒருத்தி சுவர்ப்பூச்சில் உள்ள விரிசல்களைப் பார்க்கிறாள். அவை ஒட்டகமாகவும் குரங்காகவும் கோழியாகவும் உருக்கொள்கின்றன. அவற்றோடு உலாவச் செல்லும் அவள் 'கிராக் மாஸ்டர்' என்னும் கொடிய முகத்தை எதிர்கொள்கிறாள். அம்முகமோ தானே சிதைந்து போகிறது. கதை அவ்வளவே.

இதனைக் கண்ட குழந்தைகள் பெரியவர்களான பின்னரும் அச்சம் மட்டும் அவர்களை விட்டகலவில்லை. இணையம் பரவிய காலத்தில்தான், தாம் தனியே கண்ட கனவென்று எண்ணியிருந்ததைப் பிறரும் கண்டிருந்தனர் என்பது அவர்களுக்குத் தெரிய வந்தது. அவர்களுள் ஒருவர் தம் நினைவிலிருந்த காட்சிகளை வரைந்து வைத்துக்கொண்டு தேடினார். 2009இல் பெயர் வெளியிடாத ஒருவரிடமிருந்து அவருக்கு ஒரு படி கிடைத்தது. பொதுவில் காட்டலாகாது என்னும் நிபந்தனையுடன்! 2013இல் வேறொரு படி வெளிவந்த பின்னரே படம் அனைவர் பார்வைக்கும் வந்தது. அதில் ஒலித்த பெண்குரல் டோரத்தி மோஸ்கோவிட்ஸ் என்னும் பாடகியுடையது என்பதும் பிற்பாடு அறியப்பட்டது.

வரலாற்று மாணவர்க்கு இதில் பயன் தருவது, நினைவையும் மூலத்தையும் அருகருகே வைத்து ஒப்பிடும் அரிய வாய்ப்பாகும். சுவர் விரிசல், விலங்குகள், முகம் சிதைதல் ஆகிய உருக்கள் நினைவில் ஏறத்தாழச் சரியாகவே நிலைத்திருந்தன. தலைப்பு, ஆண்டு, ஆக்கியோர் போன்ற செய்திகள் நிலைக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் அச்சுறுத்திய அப்படமோ ஒன்றரை நிமிட அளவே கொண்ட எளிய கோட்டுச் சித்திரமாக இருந்தது. கேம்பிரிட்ஜ் உளவியலாளர் பிரெடரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட ஆய்வு இங்கு நினைவுகூரத்தக்கது. அமெரிக்கப் பழங்குடியினரின் கதையொன்றை ஆங்கிலேயர்களைப் படிக்கச் செய்து, காலம் விட்டு மீண்டும் மீண்டும் சொல்லச் செய்தார் அவர். தமக்குப் பழக்கமற்றவற்றை அவர்கள் விடுத்தனர் அல்லது பழகியவையாக மாற்றினர். கதையில் வந்த சிறு தோணி வெறும் 'படகு' ஆயிற்று. நினைவு என்பது எடுத்து வைத்ததைத் திருப்பித் தரும் பெட்டகம் அன்று. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது.

பலருடைய நினைவு ஒத்திருப்பதாலேயே அது உண்மையாகிவிடாது. ஒருவர் வரைந்த படத்தைக் கண்ட பின்னர், தாமும் அவ்வாறே கண்டதாகப் பிறர் கூறுவது இயல்பே. பதிப்பாசிரியர்களுக்கு இது புதிய சிக்கலன்று. ஒரே ஏட்டைப் பார்த்துப் படியெடுத்த பத்து ஏடுகள் பத்துச் சான்றுகளாகா. ஆகவே, பிறர் கூற்றைக் கேட்பதற்கு முன்னரே ஒவ்வொருவரும் தம் நினைவைத் தனித்தனியே எழுதி வைத்தல் இன்றியமையாதது.

'கிராக்ஸ்' படம் அழிந்து போகவில்லை. பெயர் அறியாத ஒருவர் அதனைத் தேடி அடைவதற்கு வழிதான் இல்லாதிருந்தது. மெய்யாகவே அழிந்தவை பல உண்டு. 1956இல் ஆம்பெக்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய இரண்டு அங்குல ஒளிநாடா விலை மிகுந்தது. ஆனால் அழித்துவிட்டு மீண்டும் பதியத்தக்கது. ஓலையைச் செல்லரித்தது, நாடாவையோ உரியவர்களே அழித்தனர். வீட்டில் ஒளிநாடா பார்க்கும் வழக்கம் தோன்றாத காலம் அது. மறு ஒளிபரப்புக்கு ஒப்பந்தங்கள் இடம் கொடுக்கவில்லை. வண்ண ஒளிபரப்பு வந்தபின் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு மதிப்பில்லை. பிரிட்டனின் பி.பி.சி. தன் 'டாக்டர் ஹூ' தொடரின் 1960களின் பகுதிகள் பலவற்றை இவ்வாறே இழந்தது. 90க்கு மேற்பட்டவை நெடுங்காலமாகக் கிடைக்கவில்லை. ஆனால் வெளிநாட்டு விற்பனைக்காகப் படச்சுருளில் எடுத்த படிகள் சிங்கப்பூர், ஹாங்காங், நைஜீரியா முதலிய இடங்களுக்குச் சென்றிருந்தன. 1967இல் ஒளிபரப்பான நான்கு பகுதிக் கதையொன்று ஹாங்காங்கிலிருந்து மீட்கப்பட்டு 1992இல் வெளிவந்தது. நைஜீரியாவின் ஜோஸ் நகரில் கண்டெடுக்கப்பட்ட ஒன்பது பகுதிகள் 2013இல் அறிவிக்கப்பட்டன. பிறந்த இடத்தில் அழிந்த நூல் அயல் ஊரில் ஏதோ ஒரு வீட்டுப் பரணில் கிடைப்பதை உ.வே.சாமிநாதையரின் தன்வரலாற்றில் படித்தவர்க்கு இது வியப்பளிக்காது.

இனி நம் நாடுகளுக்கு வருவோம். சிங்கப்பூரில் 1963 பிப்ரவரி 15இல் அன்றைய பண்பாட்டு அமைச்சர் எஸ். இராஜரத்தினம் சோதனை ஒளிபரப்பைத் தொடக்கி வைத்தார். அவ்வாண்டு ஏப்ரலில் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளுடன் முறையான சேவை தொடங்கியது. மலேசியத் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28இல் பிறந்தது. அன்று எட்டு வயதுக் குழந்தையாக அண்டை வீட்டுச் சன்னலோரம் நின்று பார்த்தவர்கள் இன்று எழுபதை எட்டிவிட்டனர். அவர்கள் கண்ட தமிழ் நாடகத்தையோ பாடலையோ பற்றிய பெயரற்ற நினைவு, அவர்களோடு மறைவதற்கு முன் பதிவு செய்யப்பட வேண்டும்.

அவ்வாறு பதிந்த நினைவின் காலத்தைக் கணிக்க வழிகள் உண்டு. சிங்கப்பூரில் வண்ண ஒளிபரப்பு 1974இலும் மலேசியாவில் 1978 டிசம்பர் 28இலும் வந்தன. ஒருவர் வண்ணத்தில் கண்டதாகத் தெளிவாகக் கூறுவாராயின், அது ஒரு முன்னெல்லையைத் தரும். எனினும் இவ்வளவைக் கொண்டு கைவிடாப்பிடியாக முடிவு கட்டுதல் தகாது. ஜொகூர் மக்களுக்குச் சிங்கப்பூர் ஒளிபரப்பும் எட்டியது. ஏழை வீடுகளில் வண்ண ஒளிபரப்பையும் கறுப்பு வெள்ளைப் பெட்டியில்தான் பார்த்தனர். மேலும், கறுப்பு வெள்ளையில் கண்டதற்கு நினைவே பின்னர் வண்ணம் பூசிவிடுவதும் உண்டு. ஆதலின் பள்ளி, குடியிருந்த தோட்டம், பெட்டி வாங்கிய ஆண்டு ஆகியவற்றோடு பொருத்திப் பார்த்து, பின்னர் நாளிதழ்களின் நிகழ்ச்சி நிரலுக்குச் செல்ல வேண்டும். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் மின்வடிவில் தந்துள்ள 'த ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' இதழில் அத்தகைய நிரல்களை நாள்வாரியாகக் காணலாம்.

தமிழாசிரியர்கள் இதனை மாணவர் பணியாகவே தரலாம். பாட்டன் பாட்டியரை வினவுவதற்கு அவர்களினும் தகுந்தவர் இலர். ஆனால் வினாவைத் தொடுக்கும் முறையில் கருத்து வேண்டும். "அது வண்ணப் படமா?" என்று கேட்டால் "ஆம்" என்ற விடையே பெரும்பாலும் வரும். "அவர் என்ன உடுத்தியிருந்தார்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.