பனிச்சறுக்குக்கு எந்த ஊரு? ஒரு பந்தயமும் கொஞ்சம் வாழைத்தாரும்

குளிர்கால லீவுக்கு வெளிநாடு போய் பனிச்சறுக்கு விளையாட ஆசைப்படுற நம்மாளுங்க முதல்ல பண்ற வேலை என்ன? நாலு ஊர் பேரை எக்செல்ல போட்டு, டிக்கெட், ஹோட்டல், ஸ்கீ வாடகைன்னு கூட்டிப் பாக்கறது. பொட்டி தட்டுறவங்களுக்கு அது தானா வரும். ஆனா அந்த நாலு ஊர் எப்படி அந்த லிஸ்டுக்குள்ள வந்து உக்காந்துச்சுன்னு யாரும் கேக்கறதில்லை.

பனி எங்க நிறைய விழுதோ அங்க போறோம், இதுல என்னய்யா வரலாறுன்னு தோணலாம். விஷயம் அவ்வளவு சுலபமில்லீங்க. ஸ்கீ ஸ்காண்டினேவியாக்காரங்களோட பல ஆயிரம் வருஷப் பழக்கம். அவங்களுக்கு அது விளையாட்டா ஆகறதுக்கு முன்னாடி, பனியில நடமாட ஒரு வழி. ஆனாலும் ஸ்கீ லீவுன்னதும் முக்காவாசிப் பேருக்கு ஞாபகம் வர்றது சுவிட்சர்லாந்துதான்.

அதுக்கு ஒரு பந்தயத்தைக் காரணமா சொல்லுவாங்க. 1864. செயின்ட் மோரிட்ஸ்ல ஹோட்டல் வச்சிருந்த யோஹானஸ் பாட்ரட்டுக்கு ஒரே கவலை. கோடையில வர்ற ஆங்கிலேயர்கள் குளிர் வந்ததும் மூட்டை கட்டிடறாங்க, மிச்ச மாசமெல்லாம் ரூம் காலி. நாலு விருந்தாளிகளைக் கூப்பிட்டு, "குளிர்காலத்துல வந்து பாருங்க, பிடிக்கலைன்னா போக்குவரத்துச் செலவு என்னோடது"ன்னாராம். வந்தவங்க மாசக்கணக்கா தங்கிட்டு, வெயில்ல கறுத்துப்போய் ஊர் திரும்பினாங்கன்னு கதை. கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கலாம். ஆனா அவர் வித்த சரக்கைக் கவனிங்க: பனியை இல்லை, வெயிலை!

பக்கத்துல தாவோஸ் கதை இன்னும் உருக்கம். காசநோய்க்கு மருந்தில்லாத காலம். மலைக்காத்து நல்லதுன்னு டாக்டர் அலெக்சாண்டர் ஸ்பெங்லர் சொன்னதை நம்பி, 1865 குளிர்காலத்துல இருந்து நோயாளிகள் அங்க வர ஆரம்பிச்சாங்க. அப்படித்தான் மனைவி லூயிஸைக் கூட்டிக்கிட்டு ஒருத்தர் வந்தார். பேரு ஆர்தர் கோனன் டாயில். ஆமாங்க, 1893 டிசம்பர்ல வெளியான கதையில ஷெர்லாக் ஹோம்ஸை சுவிஸ் அருவியில தள்ளிவிட்ட அதே புண்ணியவான்.

1894 மார்ச்ல, உள்ளூர் பிராங்கர் சகோதரர்களோட சேர்ந்து, மலைக் கணவாயைத் தாண்டி ஆரோசா வரைக்கும் ஸ்கீயிலயே போனார். பாதி வழி உக்காந்த வாக்குல சறுக்கினதுல ட்வீட் பேன்ட்டு என்ன பாடு பட்டுச்சுன்னு அவரே கிண்டலா எழுதியிருக்கார். கட்டுரை அதே வருஷம் ஸ்ட்ராண்ட் பத்திரிகையில வந்துச்சு. ஒரு காலத்துல நூத்துக்கணக்கான ஆங்கிலேயர்கள் இதுக்காகவே சுவிட்சர்லாந்து வருவாங்கன்னு அதுல ஆரூடம் வேற. பலிச்சுது. பின்னாடி காசநோய்க்கு மருந்து வந்ததும் சானடோரியங்கள் காத்து வாங்க ஆரம்பிச்சுது; சிலது ஹோட்டலா மாறிச்சு. தாவோஸ்ல 1900-ல திறந்த ஷாட்ஸால்ப் சானடோரியமும் 1950-கள்ல ஹோட்டல் ஆயிடுச்சு.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், இதே வேலையை ப்ராஜெக்ட் போட்டே செஞ்சாங்க. யூனியன் பசிபிக் ரயில்வேயோட சேர்மன் ஆவரல் ஹாரிமனுக்கு ரயில்ல ஆள் ஏறணும். அதனால ஃபெலிக்ஸ் ஷாஃப்காட்ஷ்ங்கற ஆஸ்திரியப் பிரபுவை மலை தேட அனுப்பினார். அவர் மேற்கு அமெரிக்கா முழுக்க அலைஞ்சு ஒவ்வொண்ணா தள்ளிட்டு, கடைசியில இடாஹோவுல கெட்சம்ங்கற சின்ன ஊர்ப்பக்கம் ஒரு பள்ளத்தாக்கைப் பிடிச்சார். 1936-ல அங்க சன் வேலி திறந்தாச்சு. பேரைப் பாருங்க, இங்கயும் வெயில்தான்!

மேல ஏத்திவிட என்ன பண்றது? ஜிம் கர்ரன்ங்கற இன்ஜினியர், கப்பல்ல வாழைத்தார் ஏத்தற கம்பிவட அமைப்பு தெரிஞ்சவர். கொக்கியை எடுத்துட்டு நாற்காலியை மாட்டுனார். உலகத்தின் முதல் சேர்லிஃப்ட் ரெடி. ரீயூஸ்னா இதுதான் ரீயூஸ்.

ஆக, ஹோட்டல்காரர், டாக்டர், எழுத்தாளர், ரயில்வேன்னு ஆளாளுக்கு ஊரைத் தேர்ந்தெடுத்தாங்க. எல்லாருமே பனி எப்படியும் விழும்னு நம்பித்தான் கணக்குப் போட்டாங்க. இன்னிக்கு ஆட்டம் காண்றது அந்த நம்பிக்கைதான்.

அப்பப்போ ஏமாத்தறது பனிக்குப் புதுசில்லை. 1964 இன்ஸ்ப்ரூக் ஒலிம்பிக்ஸுக்கு ஆஸ்திரிய ராணுவம் மேல இருந்து பனியை அள்ளிக்கிட்டு வர வேண்டியதாச்சு. ஆனா 2022 பெய்ஜிங் போட்டிகள் கிட்டத்தட்ட முழுக்கவே மெஷின் பனியில நடந்துச்சு. அந்த மெஷினுக்கும் தண்ணி வேணும், கரண்ட் வேணும், முக்கியமா குளிர் வேணும். சரி, உயரமான இடமாப் பாத்துப் போயிடலாமா? பொலிவியாவுல 5,000 மீட்டருக்கும் மேல சக்கல்தாயான்னு ஒரு ஸ்கீ இடம் இருந்துச்சு. உலகத்துலயே உயரமானதுன்னு பேர் வாங்கின இடம். அதைத் தாங்கின பனிப்பாறை 2009-ல முழுசா காணாம போச்சு.

அதனால உங்க எக்செல்ல விலைக்கு முன்னாடி மூணு காலம் சேருங்க: ஊரோட உயரம் எவ்வளவு, மெஷின் பனி எத்தனை சரிவுக்கு உண்டு, பனியே இல்லாட்டியும் அந்த ஊர்ல நாலு நாள் இருக்கப் பிடிக்குமா. மூணாவதுக்கு ஆமான்னு பதில் வந்தா தைரியமா டிக்கெட் போடுங்க. பாட்ரட் அன்னிக்குப் பந்தயம் கட்டினது அதை நம்பித்தான். ஆனா பிடிக்கலைன்னா காசைத் திருப்பித் தர இப்ப எந்த ஹோட்டல்காரரும் வர மாட்டார், அதையும் மனசுல வச்சுக்கங்க மக்களே.